முன்கூட்டியே எழுதிய நன்றிகள்

அத்தியாயம் பதினேழு

விடிந்தால் ஆஸ்பத்திரி என்ற இடத்தில் அந்தக் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தோம். விடிந்துவிட்டது. அந்த வீட்டில் இப்போதெல்லாம் விடிய வேண்டும் என்று யாரும் ஆசைப்படுவதில்லை. அது பாட்டுக்கு விடிகிறது.

டிரைவரை மறந்திருக்க மாட்டீர்கள். இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். ஐந்து மாதத்துக்கு முன்னால் வண்டியை டிப்போவில் ஒழுங்காக நிறுத்தி, சாவியை ஒப்படைத்து, கையெழுத்துப் போடக் குனிந்தவர் பேனாவோடு சரிந்தார். வலது கையும் காலும் பாதிதான் திரும்பி வந்தன. பேச்சில் முதல் மாதம் மிஞ்சியது ஒரே சொல்: "ரைட்டு." பசித்தாலும் ரைட்டு, வலித்தாலும் ரைட்டு. இத்தனை வருடம் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்ட சொல் மட்டும் மண்டையில் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறார். மெதுவாகப் படிக்கிறார்.

இனி பஸ் ஓட்ட முடியாது. ஆனால் டிப்போவில் டைம்கீப்பர் நாற்காலி ஒன்று காலியாக இருக்கிறது. வண்டி எண்ணையும் புறப்படும் நேரத்தையும் தாளில் பார்த்து மைக்கில் படிக்கிற வேலை. அவரால் படிக்க முடியும் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தால், நாளை காலை பத்து மணிக்கு நடக்கிற கூட்டத்தில் அந்த நாற்காலி அவருக்குக் கிடைக்கலாம். இல்லையென்றால் "உடம்பைப் பார்த்துக்குங்க" என்று சொல்லி ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் உட்கார்ந்து உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படிப்பட்ட வேலை என்று ஐந்து மாதமாக அவருக்குத் தெரியும்.

அவர் மனைவி ஹோட்டல் சலவைப் பிரிவில் விரிப்பு மடிப்பவள். இரட்டைக் கட்டில் விரிப்பை, எதிரில் பிடிக்க ஆளில்லாமல், தனியாகவே நான்கு மூலையும் சேர்த்து மடித்துவிடுவாள். அதனால் வேலையிடத்தில் அவளுக்கு 'நாலுமூலை' என்றே பெயர். நேற்று அவள் வீடு வந்தபோது மணி ஒன்பது. இன்று எழுந்தது ஐந்துக்கு. இடையில் தூங்கினாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவிழ்க்காத மூட்டை மாதிரி கிடந்தாள்.

"எழுந்துட்டியா? குழாயை மூடாமப் படுத்துட்ட. சொட்டுச் சொட்டுன்னு என் தலைக்குள்ளயே விழுந்துச்சு. நான்தான் எழுந்து மூடினேன்."

இது டிரைவரின் அக்கா. பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி விழுந்த அன்று பத்து நாள் துணைக்கு என்று ஒரு பையோடு வந்தாள். ஐந்து மாதமாகிறது, பை இரண்டாகியிருக்கிறது. அவளுக்குத் தம்பி வைத்த பட்டப்பெயர் 'புகார்ப்பெட்டி'. அதைச் சொல்ல இப்போது அவருக்கு நாக்கு புரளவில்லை என்பதில் அவளுக்கு வருத்தமா சந்தோஷமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"மறந்துட்டேன் அண்ணி."

"மறப்ப. எல்லாத்தையும் மறப்ப. டப்பாவை மட்டும் மறந்துடாதே. அந்தப் பொண்ணு எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கு."

டப்பா என்றது பழைய பிஸ்கட் டப்பாவை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் சொல்லித்தான் அது அலமாரிக்கு வந்தது. வீட்டில் அவளைப் பேச்சு டீச்சர் என்பார்கள். தினமும் சாயங்காலம் வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கொரு சீட்டில், அன்றைக்கு எதற்காவது நன்றி என்று எழுதி, கிழமை போட்டு டப்பாவில் போட வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக் கூடாது. படிப்பு கூடி வந்ததும் அந்தச் சீட்டுகளை டிரைவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இன்றைக்குத்தான் முதல் தடவை.

"பேப்பர்ல இருக்கிறதைப் படிச்சா வாய் மட்டும் படிக்கும். தன் வீட்டுல நடந்ததைப் படிச்சா மண்டையும் சேர்ந்து படிக்கும்" என்று டீச்சர் சொல்லியிருந்தாள். "அதோட, கஷ்டத்துல இருக்கிறவங்க ஒரு நல்லதைத் தேடிப் பார்க்கிறதும் ஒரு பயிற்சிதாம்மா."

முதல் மாதம் நாலுமூலையின் சீட்டுகளைப் பார்த்து டீச்சர் அசந்துபோனாள். ஒரு நாள் விடாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல். "அந்தம்மா மாதிரி எழுதுங்க" என்று மற்றக் குடும்பங்களிடம் சொல்கிற அளவுக்குப் பெயர் பரவிவிட்டது.

உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை. முதல் இரண்டு வாரம் அவள் அன்றன்றுதான் எழுதினாள். மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, சீட்டையும் பேனாவையும் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தாள். 'நன்றி' என்று எழுதிவிட்டாள். எதற்கு என்பதுதான் வரவில்லை. அப்படியே மேஜையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

சலவைப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைவு. அன்றைக்கே வாரம் முழுவதற்கும் வேண்டிய விரிப்புகளை மடித்துக் கட்டி, திங்கள், செவ்வாய் என்று கிழமைச் சீட்டு குத்தி அடுக்கிவிடுவார்கள். அந்தந்த நாளில் அந்தந்தக் கட்டை எடுத்து நீட்டினால் போதும். நாலுமூலை நன்றியையும் அப்படியே மடித்து வைத்தாள். ஞாயிறு மதியம், துணி ஊறுகிற நேரத்தில், வரப்போகிற வாரத்துக்கான நன்றிகளை எழுதி, கொண்டை ஊசி குத்தி, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தாள். தினம் ஒன்றை உருவிப் போட்டாள். விரிப்பு எந்தக் கிழமையிலும் விரிப்புதான். கிழமைகள் அப்படி இல்லையே என்று யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

இன்று காலை புகார்ப்பெட்டி வாசலில் நின்று குடையை ஆட்டிக்கொண்டிருந்தாள். டிரைவர் ஒரு கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நாலுமூலை சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டாள். வியாழக்கிழமைச் சீட்டை மட்டும் உருவ வேண்டும். தூக்கக் கலக்கத்தில் வியாழன், வெள்ளி, சனி மூன்றையும் ஊசியோடு டப்பாவில் போட்டு மூடினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வளைவு வரும்போதெல்லாம் டிரைவரின் இடது கால் தரையை மிதித்தது.

"அங்க பிரேக் இல்லடா" என்றாள் அக்கா.

"வேகம்" என்றார் அவர்.

"ஆமா, உன்கிட்ட கேட்டுட்டுத்தான் ஓட்டணும்."

நாலுமூலை டப்பாவை மடியில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். இறங்கும் இடத்தில் டிரைவர்தான் அவள் தோளைத் தொட்டார்.

டீச்சரின் அறையில் ஒரு மேஜை, நான்கு நாற்காலி, தண்ணீர்க் குடுவை. மேஜைமேல் டிப்போவுக்குப் போக வேண்டிய தாள் இருந்தது. அதில் எட்டுக் கட்டங்கள்.

"எட்டுச் சீட்டு எடுப்பேன், சார். அஞ்சையாவது சரியாப் படிக்கணும். அவசரமே இல்ல. இந்த வாரத்துச் சீட்டா எடுக்கலாம், ஞாபகம் இருக்கும். முதல்ல அம்மாவோடது, அவங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்."

நாலுமூலை தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் டப்பாவின் மேல்பக்கமே துழாவி ஒன்றை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"திங்கள். இன்று… நல்ல… கா…" டிரைவர் நிறுத்தினார். சீட்டையே பார்த்தார். "இல்ல."

"முயற்சி பண்ணுங்க, சார். கா…"

"இல்ல."

டீச்சர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு முதல் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டாள். அடுத்த சீட்டு.

"செவ்வாய். இன்று எல்லோரும்… சேர்ந்து…" மறுபடி நின்றார். இடது கையால் சீட்டைத் தள்ளினார். "இல்ல. இல்ல."

இரண்டாவது பெருக்கல்.

பயம் வந்தால் சிலருக்கு அழுகை வரும். நாலுமூலைக்குக் கோபம் வந்தது. "என்னங்க இது? சாப்பிட்டோம்னு படிக்கத் தெரியாதா? நேத்து வீட்டுல பேப்பர் படிச்சீங்கள்ல? இன்னிக்கு ஏன் இப்படிப் பண்றீங்க? நான் ஒரு ஆள் எவ்வளவுதான் இழுக்கிறது?"

அவர் அவளைப் பார்த்தார்.

"விடும்மா, கத்தாதே" என்றாள் புகார்ப்பெட்டி. எப்போதும் கத்துகிறவள் சொன்னதால் அறை அமைதியாகிவிட்டது.

மூன்றாவது சீட்டு. "புதன். இன்று… சீக்கிரம்… வீடு…" டிரைவர் தலையை நிமிர்த்தி மனைவியின் முகத்தைப் பார்த்தார். மூன்றாவது தடவையாகச் சொன்னார், நிதானமாக: "இல்ல."

டீச்சரின் பேனா மூன்றாவது கட்டத்துக்குப் போயிற்று.

அப்போதுதான் நாலுமூலைக்கு உறைத்தது. திங்கட்கிழமை நாள் முழுவதும் கரண்ட் இல்லை. காற்று எங்கிருந்து வரும்? செவ்வாய்க்கிழமை அவளுக்கு இரண்டு ஷிஃப்ட். யாரோடு யார் சேர்ந்து சாப்பிட்டார்கள்? நேற்று அவள் வந்தது ஒன்பது மணிக்கு. மனிதர் படிக்கத் தெரியாமல் நிற்கவில்லை. நடக்காததைப் படிக்க மாட்டேன் என்று நிற்கிறார்.

சொன்னால் இந்த அறையில் அவள் மானம் போகும். 'அந்தம்மா மாதிரி' என்று ஒரு ஆஸ்பத்திரியே சொல்கிற பெயர் போகும். சொல்லாவிட்டால் நாற்காலி போகும். இன்னும் ஐந்து கட்டம்தான் பாக்கி. ஐந்தும் சரியாக வர வேண்டும்.

"டீச்சர், அவர் சரியாத்தான் படிக்கிறார். நான் எழுதினதுதான் தப்பு."

"எழுத்துப் பளிச்சுன்னுதானேம்மா இருக்கு?"

"எழுத்து சரி. அது எதுவும் நடக்கல." அவள் டப்பாவை இழுத்து, கொண்டை ஊசி குத்திய கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இது நாளைக்கு. இது சனிக்கிழமைக்கு. எல்லாமே ஞாயித்துக்கிழமையே எழுதிட்டேன்."

டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு அவள் முதலில் காட்டிய சீட்டை வாசித்தாள். "'வெள்ளி. டிப்போவில் இவருக்கு நாற்காலி கொடுத்தார்கள். நன்றி.'"

தாழ்வாரத்தில் ஒரு தள்ளுவண்டி கிறீச்சிட்டுப் போயிற்று.

"சாயங்காலம் ஆனா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது, டீச்சர். நல்லது எதுவும் நடக்கலன்னு சொல்லல. நடந்தாலும் அதைப் பார்க்கிற அளவுக்குக் கண்ணு திறக்கல. தூக்கம் அமுக்குது. எழுதாம விட்டா அவருக்குப் பேச்சு வராமப் போயிடுமோன்னு பயம். அதான் மொத்தமா மடிச்சு வச்சேன்." அவள் அழவில்லை. அழுவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே.

"அடிப்பாவி!" என்றாள் புகார்ப்பெட்டி. "நானாவது வயிறெரிஞ்சாலும் அன்னன்னிக்கு எரிஞ்சு எழுதினேன்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் டீச்சர் கேட்டுவிட்டாள்.

"உங்க சீட்டு எதும்மா?"

"அது… வேண்டாம், டீச்சர். அதெல்லாம் நன்றி இல்ல."

"நடந்ததா?"

"நடந்ததுதான். ஆனா மரியாதையா இருக்காது."

டீச்சர் துழாவி எடுத்து டிரைவர் முன் வைத்தாள். அவர் அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"திங்கள். நாள் பூரா… கரண்ட் இல்லை. தம்பி… செய்தித்தாளால்… எனக்கும் சேர்த்து… விசிறினான். நான் இன்னும் படிக்காத… பேப்பர். கிழிந்து போயிற்று."

திக்கினார், மூச்சு வாங்கினார், ஆனால் நிற்கவில்லை. கடைசிச் சொல்லுக்கு வந்ததும் வாய் ஒரு பக்கமாகக் கோணி, தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய மற்றவர்களுக்கு ஒரு நிமிடம் ஆயிற்று.

"செவ்வாய். குளியலறை முழுக்க… தண்ணீர். கூட யாரும்… வரக் கூடாதாம். தானே… குளிப்பானாம். துடைத்தது… நான்."

"நீங்க தனியாக் குளிச்சீங்களா?" நாலுமூலை கேட்டாள். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எப்ப வந்த, சொல்றதுக்கு?" என்றாள் நாத்தனார். குற்றம் சொல்கிற குரலில்தான் சொன்னாள். ஆனால் அவள் கை நாலுமூலையின் முதுகில் இருந்தது.

அடுத்தது புதன்.

"புதன். இவள் ஒன்பது மணி வரைக்கும்… வரவில்லை. தம்பி ஆறு மணியிலிருந்து… வாசலை விட்டு… நகரவில்லை. சாப்பாடு… ஆறியது. இவள் செருப்புச் சத்தம்… கேட்டதும்…"

நின்றுவிட்டார். காது நுனி சிவந்தது.

டீச்சரின் பேனா தயங்கியது. "என்ன சார், இதுவும் நடக்கலையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நிஜம்" என்றார்.

"நிஜம்னா படிங்க."

"செருப்புச் சத்தம் கேட்டதும்… நொண்டிக்கொண்டு போய்… படுத்து… தூங்குகிற மாதிரி… கண்ணை… மூடிக்கொண்டான். நடிப்பு. சூடு பண்ணியது… மறுபடி… நான்."

நாலுமூலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நேற்று செருப்பைக் கழற்றும்போது, ஒரு வார்த்தை கேட்காமல் மனுஷன் தூங்குகிறாரே என்று மனதுக்குள் பொருமியது அவளுக்கு ஞாபகம் வந்தது.

மீதி இரண்டையும் படித்து முடித்தார். இரண்டும் போன வாரத்துச் சீட்டு: ஒன்று பக்கத்து வீட்டு நாயைப் பற்றியது, மற்றது அப்போதும் மூடாத குழாயைப் பற்றியது. ஐந்து சீட்டுக்கு ஐந்து சரி.

டீச்சர் தாளில் கையெழுத்துப் போட்டாள். ஆனால் முகம் தெளியவில்லை. "முதல் மூணு பெருக்கலையும் நான் அழிக்க முடியாதும்மா. அடிச்சுத் திருத்தின தாளை டிப்போவுல வாங்க மாட்டாங்க. பக்கத்துல குறிப்பு எழுதியிருக்கேன்."

"என்னன்னு?"

"'வாசிக்க முடிகிறது. நடக்காததை வாசிக்க மறுத்தார்.'"

"டைம்கீப்பருக்கு அதை விட என்ன வேணும்?" என்றாள் புகார்ப்பெட்டி.

"குறிப்பு வரைக்கும் படிக்கிறவங்க கூட்டத்துல இருக்கணும்" என்றாள் டீச்சர். "சில பேர் பெருக்கல் குறியைப் பார்த்ததும் தாளைத் திருப்பி வச்சுடுவாங்க."

நாலுமூலை அந்தச் சீட்டுக் கட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். போகும்போது தலையைக் குனிந்து நடந்தாள். டீச்சர் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, "நன்றின்னு தோணலன்னா தோணலன்னே எழுதுங்கம்மா. அதையும் அவர் படிப்பார்" என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம். வெளிச்சம் இன்னும் இருந்தது. மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். புகார்ப்பெட்டி ஒரு கையால் மறைத்துக்கொண்டு விறுவிறுவென்று எழுதினாள். ஆஸ்பத்திரி நாற்காலியைப் பற்றி ஏதோ இருக்க வேண்டும். டிரைவர் இடது கையால் கோணல் மாணலாக ஒரே ஒரு சொல் எழுதினார். அவர் தினமும் ஒரு சொல்தான்.

நாலுமூலையின் சீட்டு வெறுமையாக இருந்தது.

"நன்றின்னு எழுதினா பொய். இல்லன்னு எழுதினா நன்றி கெட்டவ. நான் என்ன எழுதட்டும்?" என்றாள். அந்த மூன்று பெருக்கல் குறிகளும் அவள் கண் முன்னாலேயே நின்றன. "உங்க நாற்காலியை நானே தட்டிவிட்டுட்டேனோ என்னவோ."

அவர் கையை அசைத்து அதை ஒதுக்கினார்.

"நேத்து ஏன் தூங்குற மாதிரி படுத்துக்கிட்டீங்க?" அவள் சட்டென்று கேட்டாள். "மூணு மணி நேரம் வாசல்ல நின்னுட்டு, வந்ததும் கண்ணை மூடிக்கிட்டா என்ன அர்த்தம்?"

டிரைவர் சொல்லைத் தேடினார். அக்கா எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தாள்; பிறகு, அதிசயமாக, மூடிக்கொண்டாள்.

"முழிச்சிருந்தா… நீ… பேசணும்." மூச்சு வாங்கினார். "உட்காரணும். பாவம்… தூங்கட்டும்."

அவள் பேனாவை எடுத்தாள். இந்த முறை யோசிக்கவில்லை. 'வியாழன். இவர் நேற்றுத் தூங்கவில்லை. எனக்கு இன்றுதான் தெரியும்' என்று எழுதினாள். நன்றி என்ற சொல்லை எழுதினாளா என்றால், இல்லை. மடித்து டப்பாவில் போட்டாள். நான்கு மூலையும் சேரவில்லை, கோணலாகத்தான் மடித்திருந்தாள்.

பிறகு பையிலிருந்து அந்தக் கொண்டை ஊசிக் கட்டை எடுத்தாள். அதில் இருந்த வியாழனையும் சனியையும் கிழித்தாள். வெள்ளியைக் கிழிக்கப் போகும்போது டிரைவரின் இடது கை வந்து அதைப் பிடித்துக்கொண்டது.

"விடுங்க. இது வேண்டாம்."

அவர் விடவில்லை. சீட்டை வாங்கி, மேஜை ஓரத்தில் வைத்துத் தேய்த்து நீவினார். மெல்ல எழுந்து சுவர்ப்பக்கம் போனார். நாளைக் கூட்டத்துக்காக அக்கா தேய்த்து மாட்டியிருந்த காக்கிச் சட்டையின் பையில் அதைச் செருகி, பொத்தானைப் போட முயன்றார்.

நாலுமூலை அவர் பின்னால் போய் நின்றாள். "அது பொய்யிங்க. நான் சும்மா எழுதினது."

பொத்தான் நான்காவது முயற்சியில் துளைக்குள் நுழைந்தது. அவர் திரும்பினார்.

"இன்னும்…" என்றார். "இன்னும்… பொய் இல்ல."